கழுத்துப்பட்டையில் கோணல் தையல்

சிடுசிடு அத்தைக்கு,

உங்கள் அடங்காத மருமகள் விமலா ஆசையோடு எழுதுகிறேன். கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அது எப்போது வரும் என்று காத்திருந்து, மற்றதைக் காதில் வாங்க மாட்டீர்கள். நீங்கள் வாங்கித் தந்த மோட்டார் ஜாக்கெட்டை ஆஸ்பத்திரியில் கத்தரி வைத்து வெட்டிவிட்டார்கள். கோபப்பட வேண்டாம். அப்போது அதற்குள் நான் இருந்தேன்.

நன்றாகத்தான் இருக்கிறேன் அத்தை. கைக்கட்டு அவிழ்த்து ஒரு வாரம் ஆகிறது. உள்ளங்கையில் புதுத் தோல் வந்திருக்கிறது, பேனாவைப் பிடித்தால் இழுக்கிறது. அதனால்தான் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன், அவர்கள் அழகாக அச்சடித்துக்கொள்வார்கள். வீட்டுச் சண்டையை ஊருக்குச் சொல்வாயா என்று கேட்பீர்கள். சொல்வேன். நான் பேசின பேச்சும் அதில் இருக்கிறதே, அதையும் நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம். உங்கள் தையல் மெஷினைப் பழைய பாத்தேக் கைலியால் மூடி, நீங்கள் வைத்திருந்த இடத்திலேயே விட்டிருந்தோம். நான் ஐந்து வாரமாக டாக்டரிடம் எம்.சி. லீவு வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். வலி மாத்திரை போட்டால் மத்தியானத்தில் ஒரு தூக்கம் வரும். அதைத் தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. ஜன்னல் துணி அசைவது தெரியும், பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற வாசம் வரும், அதற்கு நடுவே கடகடவென்று உங்கள் மெஷின் ஓடும். அத்தை ரவிக்கை தைக்கிறார்கள், எழுந்து டீ போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிடப்பேன். கண் திறந்து பார்த்தால் தகரத்தில் மழை. அந்த நேரத்தில் டீ போட ஆள் இல்லை, குடிக்கவும் ஆள் இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நினைவுக்கு வரும்.

நம் ரோட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொள்வார்கள். கையை முன்னாலிருந்து நுழைத்தால் ஆயிற்று. முதுகுப்பக்கம் நெஞ்சுக்கு வந்துவிடும், ஜிப் வைத்த பக்கம் முதுகில் திறந்து கிடக்கும். காற்று நெஞ்சில் அடிக்காது, வேலைச் சட்டையில் பூச்சி வந்து மோதாது, போய் இறங்கியதும் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ஈஜோக் போகிற ரோட்டில் காலைப் பனியில் நின்று பார்த்தால், தூரத்தில் இருக்கிற ஆள் வருகிறாரா போகிறாரா என்றே தெரியாது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

இதில் பெரிய வேடிக்கை என் வேலை. கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கிற வேலை. உறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒரு சொட்டு கசிகிறதா என்று விரல் விரலாகப் பார்க்க வேண்டும். யாரோ ஒரு டாக்டர் கைக்குப் போகிற உறைக்கு அத்தனை பாடு. சாயங்காலம் அதே கையோடு மோட்டாரைப் பிடித்து வீட்டுக்கு வருவேன், வெறுங்கை. காலில் சிலிப்பர். ஊருக்குத்தான் உபதேசம் என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழாமல் இல்லை.

காலையில் முன்வாசல் இரும்புக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். ஹெல்மட் வாரை நான் மாட்ட வேண்டும், 'டக்' என்று சத்தம் வர வேண்டும், அப்புறம்தான் தாழ்ப்பாள் நகரும். கண்ணால் பார்த்தால் போதாதா, காதுக்கு வேறு கேட்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வரும். கேட்கவில்லை, இன்னொரு தடவை மாட்டு என்பீர்கள். தொழிற்சாலைக் கடிகாரம் எனக்காக நிற்குமா? ஹெல்மட்டுக்குள்ளேயே உங்களைத் திட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது, பத்திரிகைக்காரர்கள் போட மாட்டார்கள்.

அப்புறம் ஒருநாள், தீபாவளிக்குப் புடவை எடுத்து வருகிறேன் என்று கோலா சிலாங்கூர் போனவர், புடவை இல்லாமல் கறுப்பில் ஒரு மோட்டார் ஜாக்கெட்டோடு வந்து இறங்கினீர்கள். தோளிலும் முழங்கையிலும் கெட்டியான தடுப்பு, முதுகில் ஆமை ஓடு மாதிரி ஒரு தகடு. பள்ளிச் சீருடை தைத்துச் சேர்த்த காசு. எனக்கு அன்றைக்கே மனம் நெகிழ்ந்துவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய். இவ்வளவு கனத்தை எவள் போடுவாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை அதையும் முன்பின்னாக மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதுகுத் தகடு நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது கொஞ்சம் கம்பீரமாகக்கூடத் தெரிந்தது.

அன்றைக்கு நீங்கள் கதவைத் திறக்கவில்லை. திருப்பிப் போடு என்றீர்கள். நேரமாகிறது என்றேன். முதுகுக்கு வாங்கினதை நெஞ்சில் கட்டிக்கொண்டு போவதற்கு வாங்காமலே இருந்திருக்கலாம் என்றீர்கள். ரோட்டைப் பார்த்து ஓட்டத் தெரியாதவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று நான் ஆரம்பித்தேன். வாய்க்கு வாய் வளர்ந்தது. கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு அத்தை. ரோடு தெரியும்."

தாழ்ப்பாளை விலக்கினீர்கள், நான் போய்விட்டேன். உங்கள் இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருப்பதைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். வயதானால் வருகிற கண்புரை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஒருநாளும் கேட்டதில்லை. எட்டு வருடம் ஒரே அடுப்பங்கரையில் நின்றுவிட்டு, பக்கத்தில் நிற்கிறவரின் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் ஒருத்தியால் இருக்க முடியுமா? என்னால் முடிந்திருக்கிறது.

மூன்று நாள் நீங்கள் என்னோடு பேசவில்லை, நானும் வீம்புக்கு அந்த ஜாக்கெட்டைத் தொடவில்லை. நான்காம் நாள் ஜாக்கெட்டை வழக்கம்போலத் திருப்பி மாட்டினேன், தொண்டையில் ஏதோ குத்தியது. கழற்றிப் பார்த்தால், பின்கழுத்துப் பட்டையை மூன்று விரல் உயர்த்தி, உள்ளே விறைப்புத் துணி வைத்துத் தைத்திருந்தீர்கள். ஒழுங்காகப் போட்டால் அது பிடரியில் சும்மா நிற்கும். முன்பின்னாகப் போட்டால் தாடைக்குக் கீழே முட்டி மூச்சை அடைக்கும். இது என்ன அத்தை என்று கேட்டதற்கு, ரவிக்கைக்குக் கழுத்து வைக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டீர்கள்.

நானா விடுவேன்? உங்கள் கண்ணெதிரே ஒழுங்காகப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். முச்சந்திச் சாப்பாட்டுக் கடையைத் தாண்டியதும் மோட்டாரை நிறுத்தி, ஜாக்கெட்டைக் கழற்றி முன்கூடையில் திணித்துக்கொள்வேன். தொழிற்சாலையில் கோமதியிடம் சொல்லிச் சிரிப்பேன். கோமதி உங்களிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்தவள்தான், என் மேசையில் என்னோடு ஓட்டை பார்க்கிறவள். மருமகள் கழுத்தை நெரிப்பதைக்கூட உங்கள் மாமியார் மெஷினில் வைத்துத்தான் செய்வாரா என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள். நான் கூடையில் திணிக்கிறது உங்களுக்குத் தெரியுமா அத்தை? சாயங்காலம் ஜாக்கெட் கசங்கியிருப்பதைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் உதறித்தானே மாட்டுவீர்கள்.

ஒரு வருடம் இப்படியே ஓடியது. ஒரு மத்தியானம் ரசத்தைச் சூடு பண்ணி இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள். நான் வேலையிலிருந்து வந்தபோது வீடு நிறையச் செருப்புகள் கிடந்தன. ரசம் அடுப்பு மேடையில் ஆறிப்போய் இருந்தது.

கருமக்கிரியை முடிந்து வேலைக்குத் திரும்பின வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இனி வாசலில் நிற்க யார் இருக்கிறார்கள், பட்டையைப் பிரித்துவிடலாம் என்று உங்கள் மெஷின் இழுப்பறையிலிருந்தே பிளேடை எடுத்தேன். நான்கு தையல் அறுத்தேன். ஐந்தாவதில் கை நின்றுவிட்டது.

தையல் கோணலாக இருந்தது அத்தை. உங்கள் தையல் கோணலாகுமா? ரவிக்கைக் கையில் நீங்கள் ஓட்டுகிற கோடு அடிமட்டம் வைத்தாலும் பிசகாதே. இது ஏறி, இறங்கி, வழி தெரியாமல் போயிருந்தது. ஒரே இடத்தில் மூன்று தடவை ஓடியிருந்தது. சில இடத்தில் துணியைத் தவறவிட்டு, மெஷின் ஒத்துவராமல் கையாலே குத்தி இழுத்திருந்தீர்கள். கறுப்புத் துணி, கறுப்பு நூல், ஒற்றைக் கண். வெளிச்சத்துக்காக நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டிருப்பீர்கள். நான் பேசின பேச்சு காதில் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அந்த மூன்று நாளும் நீங்கள் கோபத்தில் பேசாமல் இருக்கிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் தைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

செம்பனை ஆலையில் வேலை முடிந்து உங்கள் மகன் வந்தார். பிளேடும் ஜாக்கெட்டுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அம்மாவுக்குக் கண் எப்படிப் போனது என்று கேட்டேன். இத்தனை நாள் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, தரையில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், செம்பனைத் தோட்டத்தில் களைப் புல் சாக மருந்து அடித்துக்கொண்டிருந்தீர்களாம். முகமூடி, ரப்பர் சப்பாத்து, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாமே கொடுத்திருந்தார்களாம். வெயிலில் கண்ணாடிக்குள் வேர்வை கட்டிக்கொண்டு வழி தெரியாது. அதனால் மண்டோர் வருவது தெரிந்தால் பெண்கள் எல்லாரும் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்குவார்கள், மேற்பார்க்க வந்த மனிதர் அந்தப் பக்கம் போனதும் நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். ஒருநாள் முதுகில் மாட்டியிருந்த மருந்துப் பம்பின் குழாய் பிடுங்கிக்கொண்டு முகத்தில் அடித்தது. கண்ணாடி கொடுக்கவில்லையா என்று டாக்டர் கேட்டாராம். நீங்கள் சொன்ன பதிலை உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"கண்ணாடி இருந்திச்சி டாக்டர். நெத்தியில இருந்திச்சி."

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? அன்றைக்கு வாசலில் நான் வாய் திறந்தபோது இந்த ஒரு வரியை என் முகத்தில் எறிந்திருக்கலாமே. நான் வெட்கத்தில் அங்கேயே செத்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையா? அந்த 'டக்' சத்தமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலை மங்கலில் என் தாடைக்குக் கீழே வார் மாட்டியிருக்கிறதா, தொங்குகிறதா என்று உங்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல உங்கள் கௌரவம் விடவில்லை. அதனால் காதால் பார்த்தீர்கள்.

அறுத்த நான்கு தையலை அப்படியே விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஜாக்கெட்டை ஒழுங்காகப் போடத் தொடங்கினேன். ஆள் இல்லாத வாசலில் நின்று வாரை மாட்டி, சத்தம் வந்த பிறகு நானே தாழ்ப்பாளை நகர்த்தினேன். கையுறையும் சப்பாத்தும்? அதற்கு நீங்கள் ஒன்றும் தைத்து வைக்கவில்லையே. திருந்தினதும் அரைகுறைதான் உங்கள் மருமகள்.

இப்போது விழுந்த கதை. முதல்நாள் நல்ல மழை. காலை ஏழே காலுக்குக் கிளம்பினேன், வெளிச்சம் வந்தும் வராத நேரம். செம்பனை ஓலைகளுக்கு நடுவிலிருந்து பனி இறங்கி ரோட்டில் படுத்திருந்தது. ஈயம் தோண்டின பழைய குட்டை தெரிகிற வளைவு உங்களுக்குத் தெரியும். அங்கே முன்னால் போன ஏதோ லோரியிலிருந்து உதிர்ந்த ஒரு செம்பனைக் குலை நடு ரோட்டில் கிடந்தது, சுற்றிலும் பழம் சிதறி நசுங்கியிருந்தது. குலையை ஒதுக்கிவிட்டேன். பழத்தை ஒதுக்க முடியவில்லை. முன்சக்கரம் எண்ணெயில் வைத்தது போல வழுக்கிப் போனது.

அதற்கப்புறம் எல்லாம் மெதுவாக நடந்தது அத்தை. நான் மல்லாந்தபடி ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். மேலே வெள்ளை வானம் ஓடியது. ஓலை நுனிகள் ஒவ்வொன்றாக வந்தன, என்னைப் பார்த்தன, போயின. குட்டை ஓரம் ஒரு கொக்கு நின்றது, அது கழுத்தைத் திருப்பினது வரை ஞாபகம் இருக்கிறது. வலி இல்லை, பயம்கூட இல்லை. முதுகுக்குக் கீழே கரகரவென்று ஒரு சத்தம். கனத்த துணியில் ஊசி ஏறுகிற சத்தம். அத்தை கழுத்து வைக்கிறார்கள், பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். தார் ரோட்டில் முதுகுத் தகடு தேய்ந்த சத்தம் அது என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் புரிந்தது.

புல்லில் போய் நின்றேன், அதாவது கிடந்தேன். தலை எதிலோ மோதினது, ஹெல்மட் கழன்று போகாமல் தலையிலேயே இருந்தது. பின்னால் வந்த கோமதி மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளுடைய ஜாக்கெட் முன்பின்னாகத்தான் இருந்தது. பனிக்குள்ளிருந்து அவள் வந்தபோது, இவள் ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக ஓடி வருகிறாள் என்று குழம்பினேன். ஒரு வேனை நிறுத்தி என்னை ஏற்றினது அவள்தான்.

ஆஸ்பத்திரியில் உடம்பை அசைக்கக் கூடாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். கத்தரியோடு வந்த நர்ஸ் மிஸ்ஸி நம் தமிழ்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் இருக்காது. நான் அழுதேன். கழுத்துப்பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள், மாமியார் தைத்தது என்றேன். மாமியாருக்காக அழுகிற மருமகளைப் பார்த்து, தலையில் பலமான அடி என்று நினைத்திருப்பாள். முன்பக்கத்தையும் கைகளையும் வெட்டி, பட்டையைத் தொடாமல் துணியை உருவினாள். என்னை மெல்லப் புரட்டி முதுகைத் தடவிப் பார்த்தாள். சிவந்திருந்தது, அவ்வளவுதான். பிறகு ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். முதுகுத் துணி கிழிந்து தொங்கியது, உள்ளே தகடு குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

"ஜாக்கெட்டத்தான்க்கா வெட்டுறோம். இது இல்லன்னா இப்ப ஒங்க முதுகத் தெச்சிக்கிட்டு இருப்போம்லா," என்றாள்.

நீங்கள் மூடி அனுப்பின இடமெல்லாம் முழுசாக இருந்தது அத்தை. நான் திறந்து வைத்திருந்த இடமெல்லாம் போயிருந்தது. இரண்டு உள்ளங்கையும் உரிந்துவிட்டன. வலது முழங்காலில் தோல் இல்லை. சிலிப்பர் எங்கேயோ பறந்துவிட்டது, கால் பெருவிரல் நகமும் அதோடு போனது. பிடரியில் ஒரு கீறல் இல்லை. அந்தப் பட்டையின் வெளிப்பக்கம்தான் நார் நாராகிக் கிடந்தது. மிஸ்ஸி என் உள்ளங்கையிலிருந்து சின்னச் சின்னக் கல்லாகப் பொறுக்கி எடுத்தபோது அவள் கையில் உறை போட்டிருந்தாள். பழக்க தோஷம், வலியிலும் அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகு உங்கள் மகன்தான் எனக்குத் தலை வாரிவிட்டார், சோறு ஊட்டினார். சடை பின்னத் தெரியாமல் அவர் படுகிற பாட்டைப் பார்க்க நீங்கள் இல்லையே. அடிபட்ட ஹெல்மட்டைத் துடைத்து அலமாரி மேல் வைக்கப் பார்த்தார். ஒரு தடவை மோதினதைத் திரும்பப் போடக் கூடாதாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று சொல்லி வாரை அறுத்து எறிய வைத்தேன். மோட்டாரையும் விற்றுவிடலாம் என்றார் அவர். பஸ்ஸை நம்பினால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போய்ச் சேருவேன், வேலை போய்விடும் என்றேன். போகட்டும் என்றார். எனக்கும் உள்ளுக்குள் போகட்டும் என்றுதான் இருந்தது. அந்த வளைவை நினைத்தாலே பயமாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். மெஷின் சத்தம் இல்லை. எங்கும் வெள்ளைப் பனி, நம் ரோடு. நிறைய மோட்டார்கள், எல்லாரும் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டவர்கள். வருகிறார்களா போகிறார்களா என்று தெரியாமல் சத்தமில்லாமல் மிதந்துகொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொருவராகப் பார்த்து, நீங்கள் அத்தையா, நீங்கள் அத்தையா என்று கேட்டுக்கொண்டு நடந்தேன். செம்பனை வரிசைக்கு நடுவிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். ரப்பர் சப்பாத்து, முதுகில் பம்பு. கண்ணாடி கண்ணில் இருந்தது. அதற்குள் இரண்டு கண்ணும் கறுப்பாக, தெளிவாக இருந்தன. நீங்கள் ஒருத்தர்தான் வருகிறீர்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. என் பின்னால் வந்து பிடரியில் மூன்று விரலை வைத்து அளவு எடுத்தீர்கள். விரல் குளிர்ச்சியாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பட்டையைத் திருப்பிப் போட்டது போலத் தொண்டை அடைத்துக்கொண்டது. விழித்தபோது தகரத்தில் மழை.

மறுநாள் கோமதி வந்தாள், கையில் மைலோ டின். இன்னொரு பையில் தன்னுடைய ஜாக்கெட்டை மடித்துக்கொண்டு வந்திருந்தாள். மெதுவாக வெளியே எடுத்தாள். நான் கிடந்த கிடப்பை அவள்தான் முதலில் பார்த்தவள், என் முதுகையும் ஆஸ்பத்திரியில் பார்த்தவள். தினமும் காலையில் திருப்பிப் போடக் கூடாது என்று நினைக்கிறாளாம், கை தானாகத் திருப்பிப் போட்டுவிடுகிறதாம். உங்கள் மாமியார் வைத்த மாதிரி எனக்கும் ஒரு கழுத்து வைத்துத் தருவீர்களா என்று கேட்டாள். எனக்குத் தையல் தெரியாது என்றேன். நீங்கள் கற்றுக்கொடுக்க வந்தபோதெல்லாம் எனக்குத் தலைவலி வந்ததுதான் காரணம் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

உங்கள் மகன் எழுந்து போய் மெஷின் மேல் கிடந்த கைலியை எடுத்தார். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மெஷினை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தினார். அடுத்த சனிக்கிழமை அவரே எனக்குப் புது ஜாக்கெட், ஹெல்மட், தோல் கையுறை, கணுக்கால் மூடுகிற சப்பாத்து எல்லாம் வாங்கி வந்தார். மோட்டாரை விற்கிற பேச்சு அதோடு நின்றுவிட்டது. அவர் பயம் நின்றுவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

கட்டு அவிழ்த்த மறுநாள் மெஷினில் உட்கார்ந்தேன். வெட்டின ஜாக்கெட்டிலிருந்து உங்கள் பட்டையைத் துணியோடு எடுத்து, புது ஜாக்கெட்டின் கழுத்தில் வைத்து, தட்டுத் தடுமாறி மெஷினை ஓட்டித் தைத்தேன். நீங்கள் போட்ட தையல் ஒன்றையும் தொடவில்லை. நான் அறுத்தேனே நான்கு, அந்த இடத்தை மட்டும் கையால் தைத்தேன். கறுப்புத் துணி, கறுப்பு நூல். புதுத் தோல் எரிந்தது, ஊசி விரலில் ஏறியது, நூல் எது துணி எது என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. நான்கு தையலுக்கு இரண்டு மத்தியானம் ஆயிற்று. முடித்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு என்று சொன்னேன் இல்லையா? இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு நான் போட்ட நான்கு தையலுக்குப் பக்கத்தில், உங்களுடையது நேராக இருக்கிறது அத்தை. மன்னித்துவிடுங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நாளை திங்கட்கிழமை. ஏழே காலுக்குக் கிளம்புகிறேன். அந்த வளைவில் மெதுவாகத்தான் போவேன், பயமாகத்தான் இருக்கும். வாசலில் நான் நிற்கிறேன் என்றார் உங்கள் மகன், வேண்டாம், நீங்கள் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த இடம் இன்னும் காலியாகவில்லை. கையுறை போடுவேன், சப்பாத்து போடுவேன், ஜாக்கெட்டை நேராகப் போடுவேன். கோமதியின் பட்டைக்கும் துணி வெட்டி வைத்திருக்கிறேன், கோணலாகத்தான் வரும், அவளுக்கும் சொல்லிவிட்டேன். இனி என் கண்ணாடி நெற்றியில் இருக்காது அத்தை, இது சத்தியம். தாழ்ப்பாள் பக்கத்தில் நின்று வாரை மாட்டுவேன். உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை மாட்டுகிறேன். நேரமாகிறது என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் தையலில் நான்கை அறுத்து, அந்த நான்கையும் திரும்பத் தைத்த மருமகள்,
விமலா